ஓட்டிசம் உள்ள பிள்ளையும் பெற்றோரின் பங்கும்

மூன்று வயதாகியும் ஒரு பிள்ளை பேசத் தொடங்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சேராமல், விளையாட்டுக் காரைத் தலைகீழாகப் பிடித்து அதன் சில்லை மட்டும் நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருக்கிறது. இப்படியொரு பிள்ளை உள்ள வீட்டுக்கு உறவினர் வந்தால் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய்தான். "நீ பிள்ளையோடு கதைக்கிறதில்லையோ?" "வேலைக்குப் போகவென்று வேறு ஆட்களிடம் விட்டு வளர்த்தாயோ?" "வயிற்றில் இருக்கேக்கை எதைக் கண்டு பயந்தாய்?" என்று கேள்விகள் வரும். சிலர் கண்ணூறு என்பர். சிலர் செய்வினை என்பர். முன்னோர் செய்த பாவம் என்று சொல்பவர்களும் எம்மிடையே உண்டு. சொன்னவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவளோ அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டாள்.

அன்பான வாசகர்களே, இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயம் இதுதான். ஓட்டிசம் எனப்படும் நிலைக்குப் பெற்றோர் காரணமா? காரணம் இல்லையெனில், அப்பிள்ளையின் முன்னேற்றத்தில் அவர்களுக்குரிய இடம் யாது? அந்த இடத்தில் அவர்கள் தளராமல் நிற்பதற்கு மற்றவர்களாகிய நாம் என்ன செய்யவேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் இருப்பதனால் எமது வீடுகளில் பெறுமதி மிக்க காலம் வீணாகின்றது. அந்த நட்டம் பிள்ளைக்கே.

ஓட்டிசம் என்பது யாது?

ஓட்டிசம் ஒரு தொற்று நோயன்று. மனப் பைத்தியமும் அன்று. மூளை வளர்ச்சியடையும் விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் ஒரு வேறுபாடு அது. தமிழில் மதியிறுக்கம் என்றும் இதனை வழங்குவர். இதன் அடையாளங்களை வைத்தியர்கள் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டுவர். முதலாவது, பிறரோடு தொடர்புகொள்வதில் உள்ள சிரமம்: கண்ணோடு கண் பார்த்தல், விரலால் சுட்டிக் காட்டுதல், பேச்சு, சேர்ந்து விளையாடுதல் என்பன பிந்துகின்றன அல்லது வேறு விதமாக அமைகின்றன. இரண்டாவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும், வழமை மாறினால் கலங்குதலும், சத்தம், வெளிச்சம், துணியின் உரசல், உணவின் பதம் ஆகியவற்றை மற்றவர்களைவிட மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்தலும்.

இவை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவர்களும் உளர். பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறுபவர்களும் உளர். ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது. பெண்பிள்ளைகளில் "கூச்சம்", "அடக்கம்" என்று எண்ணப்பட்டுக் கவனிக்கப்படாமல் போவதும் உண்டு.

இது எங்கோ மேல்நாடுகளில் உள்ள விடயம் என்று எண்ணவேண்டாம். எமது நாட்டில் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து, பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நிலை காணப்பட்டது. அப்படியானால் ஒவ்வொரு பெரிய பங்கிலும் இத்தகைய குடும்பங்கள் சில இருக்கவே செய்யும். அவர்களை நாம் ஞாயிறு பூசையில் காண்பதில்லை என்றால், ஏன் காண்பதில்லை என்று எம்மையே கேட்டுப் பார்க்கவேண்டும்.

பெற்றோர் குற்றவாளிகளாக்கப்பட்ட காலம்

தாயைக் குறைசொல்லும் வழக்கம் எமது கிராமத்து வாய்களில் மட்டும் பிறந்ததன்று. படித்த வைத்தியர்களே ஒரு காலத்தில் அதற்குத் துணைபோனார்கள். இவ்வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவில் போல்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சிறுவர் மனநல வைத்தியராக இருந்த லியோ கனர், 1943ஆம் ஆண்டில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தைத் தனியான ஒரு நிலையாக வைத்திய உலகுக்கு அறிமுகம் செய்தது. அப்பிள்ளைகள் பிறவியிலேயே இவ்வாறு உள்ளனர் என்று அவர் அப்போது எழுதினார். ஆனால் அதே கட்டுரையில், அவர்களின் பெற்றோரிற் பலர் அன்பை வெளிக்காட்டாத படித்த மனிதர்கள் என்றும் குறிப்பிட்டிருந்தார். பின்வந்த ஆண்டுகளில் இந்தக் குறிப்பே பெரிதாக்கப்பட்டது. பிள்ளை உள்ளே ஒடுங்கிப் போனதற்குத் தாயின் உள்ளத்தில் இருந்த குளிரே காரணம் என்ற கருத்துப் பரவியது. "குளிர்ப்பெட்டித் தாய்மார்" என்ற கொடிய பெயரும் அத்தாய்மாருக்குச் சூட்டப்பட்டது.

சிக்காகோ நகரில் சிறுவர் விடுதிப் பாடசாலை ஒன்றை நடத்திவந்த புரூனோ பெற்றெல்ஹைம் என்பவர் இக்கருத்தை இன்னும் முன்கொண்டு சென்றார். அவர் ஹிட்லரின் வதைமுகாம்களில் அடைபட்டிருந்து மீண்டவர். முகாமில் நம்பிக்கையிழந்து ஒடுங்கிப்போன கைதிகளோடு ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டு, 1967ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்பது அவரது கொள்கை. அந்நூல் பெரும் புகழ் பெற்றது. தமது பிள்ளைக்குத் தாமே கேடு செய்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு எத்தனையோ தாய்மார் வாழ்ந்து மடிந்தனர்.

பழி நீங்கிய வகை

இப்பழியை முதலில் எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர், ஓட்டிசம் உள்ள பிள்ளையொன்றின் தகப்பனே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பேர்னாட் றிம்லன்ட், தாயின் குளிர்ந்த உள்ளமே காரணம் என்பதற்கு எவ்விதச் சான்றும் இல்லையென்பதையும், இது உடல் சார்ந்த மூளை வளர்ச்சியின் விளைவு என்பதையும் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் லியோ கனர்தான். 1969ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய பெற்றோர் சங்கத்தினர் முன் நின்று, பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்தில் கனர் பேசினார்.

உறுதியான சான்று 1977ஆம் ஆண்டில் கிடைத்தது. சூசன் ஃபோல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் என்னும் இருவர் இங்கிலாந்தில் 21 சோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்கேனும் ஓட்டிசம் இருந்தது. இரட்டையரில் இருவகை உண்டு என்பதை நாம் அறிவோம்: ஒரே கருவிலிருந்து பிரிந்த, உருவத்தில் ஒத்த இரட்டையர் ஒருவகை, வெவ்வேறு கருவிலிருந்து உருவான இரட்டையர் மற்றவகை. இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே தாயிடம் வளர்கின்றனர். தாயின் வளர்ப்பே காரணமாயின் இருவகையிலும் விளைவு ஒன்றாக இருக்கவேண்டும். ஆனால் கண்டது வேறு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. மற்றைய 10 சோடிகளில் ஒன்றிலேனும் இருவருக்கும் இருக்கவில்லை. இதன் பின் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும், மரபணுக்களின் பங்கே இதில் பெரிது என்பதை உறுதிப்படுத்தியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரபணு என்றதும், "அப்படியென்றால் எந்தப் பக்கத்துப் பரம்பரை?" என்று இரு வீட்டாரும் மல்லுக்கு நிற்பது எம்மவர் வழக்கம். அதற்கும் இடமில்லை. இதில் பங்குகொள்ளும் மரபணுக்கள் மிகப் பல. அவை எல்லாக் குடும்பங்களிலும் சிதறிக் கிடப்பவை. தாயிடமோ தந்தையிடமோ இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் உண்டு. ஒருவரையும் விரல்நீட்டிக் காட்ட முடியாது.

பாவத்தின் தண்டனை என்று சொல்வோருக்கு நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. பிறவியிலே பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள், இதற்கு இவன் செய்த பாவம் காரணமா, பெற்றோர் செய்த பாவம் காரணமா என்று கேட்டபோது, ஆண்டவர் இரண்டையும் மறுத்ததை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் மறுத்ததை நாம் மீண்டும் சொல்லலாமா?

பெற்றோரே துணைச் சிகிச்சையாளர்

பெற்றோர் காரணமல்லர் என்பது முதற் படி. அடுத்த படியை எடுத்து வைத்தவர் எரிக் ஷொப்ளர். சிக்காகோ பல்கலைக்கழகத்திலே கற்ற இவர், பின்னர் வட கரோலினா மாநிலத்தின் சப்பல் ஹில் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குப் பதிலாக, அவர்களையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அவரது முறை. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, பயிற்சியாளர் பிள்ளையோடு செய்வதைப் பெற்றோர் பார்ப்பர். பின்னர் பெற்றோர் செய்வதைப் பயிற்சியாளர் பார்ப்பர். பிள்ளையை நன்கு அறிந்தவர் பெற்றோர், ஓட்டிசத்தை நன்கு அறிந்தவர் பயிற்சியாளர். இருவர் அறிவும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை என்பதே இதன் அடிப்படை. இம்முறையின் பயனைக் கண்ட அம்மாநில சட்டசபை, 1972ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதற்கும் இதை விரிவாக்கியது.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வை அடுத்துக் கவனிப்போம். லண்டன், மன்செஸ்ரர், நியூகாசில் ஆகிய இடங்களில் ஐந்து வயதுக்குக் குறைந்த 152 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினரின் பெற்றோர் தம் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, பேச்சுச் சிகிச்சையாளருடன் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தனர். பிழைகளைப் பொறுக்கிக் காட்டுவது நோக்கமன்று. பிள்ளை ஒரு சிறு அடையாளம் காட்டிய இடத்தையும், அதைத் தாயோ தந்தையோ விளங்கிக்கொண்டு மறுமொழி கொடுத்த இடத்தையும் நிறுத்திக் காட்டினர். வீட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் இதைப் பழகும்படி கேட்டுக்கொண்டனர்.

2010ஆம் ஆண்டில் முதல் முடிவுகள் வந்தபோது, பெற்றோரின் மறுமொழியும் பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியிருந்தன. ஓட்டிசத்தின் கடுமையில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. ஆறு ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகளிற் பெரும்பாலோரை மீண்டும் பரிசோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இப்பயிற்சி பெறாத குடும்பங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 63 பேர் கடுமையான நிலையில் இருந்தனர். பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 46 பேரே அந்நிலையில் இருந்தனர். இது பூரண குணம் அன்று. அப்படி எவரும் சொல்லவுமில்லை. ஆயினும் பெற்றோரின் கையால் கிடைத்த உதவி, பயிற்சி முடிந்து பல ஆண்டுகள் சென்றும் நிலைத்து நின்றது என்பது சிறிய விடயமா?

"இவையெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி, எமக்கு ஏது அத்தனை நிபுணர்?" என்று கேட்கலாம். இதே முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்றவாறு மாற்றி, இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் செய்து பார்த்தனர். அங்கே பெற்றோருக்குப் பயிற்சியளித்தவர்கள் நிபுணர்கள் அல்லர். நிபுணர்களின் மேற்பார்வையில் பழகிய சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். அங்கும் பெற்றோரும் பிள்ளைகளும் முன்னேறினர். 2016ஆம் ஆண்டில் அம்முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும், இலங்கையில் தாய்மார் வீட்டிலேயே கொடுத்த பயிற்சியினால் சிறு பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்தை ஆராய்ந்து எழுதினர். உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்பாளருக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்துள்ளது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட அத்திட்டத்தை, நிபுணரல்லாதவர்களும் பயின்று நடத்தலாம்.

வீட்டிலே செய்யக்கூடியவை

முதலில், காலம் தாழ்த்தாதீர்கள். "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று காத்திருக்கவேண்டாம். ஒரு வயதாகியும் மழலையோ சுட்டிக் காட்டுதலோ இல்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை, எந்த வயதிலாயினும் முன்பு பேசிய பேச்சு நின்றுவிட்டது என்றால் உடனே குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்பது உள்ளது. அதைப் புரட்டிப் பாருங்கள். சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். காது கேட்கிறதா என்பதையும் கட்டாயம் சோதிப்பிக்கவேண்டும்.

அடுத்து, அன்றாடம் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுவோம். இவை நிபுணரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் போகும் முறை வரும்வரையும், போய்வந்த பின்பும் செய்யத்தக்கவை.

ஒன்று: பிள்ளையின் மட்டத்துக்கு இறங்குங்கள். பாயில் அமர்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே இருங்கள். பிள்ளை சில்லைச் சுழற்றினால் அதைப் பறிக்காதீர்கள். நீங்களும் ஒரு சில்லைச் சுழற்றுங்கள். அது உங்களை ஒரு கணம் பார்த்தால் அதுவே தொடக்கம்.

இரண்டு: கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன நிறம்?" என்று பரீட்சை வைப்பதால் பேச்சு வராது. பிள்ளை பார்ப்பதை நீங்களும் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள்: "காகம்." "தண்ணி." "விழுந்திட்டுது." சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மறுமொழி கண்ணாலும் வரலாம், கையாலும் வரலாம்.

மூன்று: கேட்பதற்கு ஒரு தேவையை உண்டாக்குங்கள். பிஸ்கற் ரின்னைப் பிள்ளை காணத்தக்க இடத்தில், ஆனால் கைக்கு எட்டாமல் வையுங்கள். அது உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், அது கேட்டதாகவே கொண்டு, சொல்லைச் சொல்லி உடனே கொடுங்கள்.

நான்கு: நாளின் ஒழுங்கைப் படமாகக் காட்டுங்கள். குளிப்பு, சாப்பாடு, முன்பள்ளி, நித்திரை என்பவற்றைச் சிறு மட்டைகளில் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பிள்ளையின் கலக்கம் குறையும். படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். அது பேச்சுக்குத் தடையன்று.

ஐந்து: பிள்ளை கத்தினாலோ தலையை மோதினாலோ முதலில் காரணத்தைத் தேடுங்கள். பசியா, பல் நோவா, மலச்சிக்கலா, மிக்சியின் சத்தமா, புதுச் சட்டையின் உரசலா? நோகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? பிரம்பு இதற்கு மருந்தன்று.

ஆறு: தமிழை விட்டுவிடாதீர்கள். கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் வாழும் எமது குடும்பங்களிற் பலருக்கு, பிள்ளைக்கு ஒரே மொழி போதும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று ஆலோசனை கூறப்படுகின்றது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பிந்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவோடு பேசத் தெரியாத பிள்ளைக்கு அம்மம்மாவும் இல்லாமற் போகிறார். உங்களுக்கு மனதாரப் பேசவரும் மொழியிலேயே பேசுங்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்யவேண்டுமென்பதில்லை. குளிக்கவார்க்கும் நேரம், உணவூட்டும் நேரம் என்று கிடைக்கும் பத்து நிமிடங்களே போதும். கைத்தொலைபேசியில் சிறிது படம்பிடித்து, இரவில் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். நன்றாக நடந்த இடத்தைத் தேடுங்கள்.

குடும்பத்துக்கும் உதவி தேவை

பெற்றோரே சிகிச்சையின் பாதி என்று சொல்லிவிட்டு அவர்களைத் தனியே விட்டுவிட்டால், முன்பு பழியைச் சுமத்தினோம், இப்போது வேலையைச் சுமத்துகிறோம் என்றாகிவிடும். இப்பிள்ளைகளின் தாய்மாரிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகின்றது. இரவில் பிள்ளை நித்திரை கொள்வதில்லை. அதனால் தாயும் கொள்வதில்லை. வேலையை விடவேண்டி வருகிறது, வருமானம் குறைகிறது. வீட்டுக்கு வருவோரும் குறைகின்றனர். தாயின் மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்வதும் பிள்ளைக்குச் செய்யும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. இதை வெட்கமாக எண்ணாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. உழைத்துக் கொடுப்பதோடு தமது கடமை முடிந்ததென்று பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். இது பெரும்பாலும் அன்பின்மையால் அன்று. என்ன செய்வதென்று தெரியாமையால். ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாலைக் குளிப்பு என்றால் அது தகப்பனுடையது என்று இருக்கட்டும். கிளினிக்குக்கும் கூடப் போங்கள். வைத்தியர் சொல்வதை இருவரும் கேட்டால்தான், வீட்டில் ஒருவர் மற்றவருக்கு விளங்கப்படுத்திச் சண்டைபிடிக்கும் நிலை வராது.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை மறக்கவேண்டாம். தம்பி ஏன் இப்படி என்று பாடசாலையில் கேட்கும்போது சொல்வதற்கு அவர்களுக்கும் ஒரு விடை வேண்டும். வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். எங்களுக்குப் பின் தம்பியை நீதான் பார்க்கவேண்டும் என்ற பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று: பெற்றோர் பெற்றோரோடு சேரவேண்டும். இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டிலும் ஓட்டிசத்துக்கான முதற் பெரிய சங்கங்களை முன்நின்று தொடங்கியவர்கள் பெற்றோரே. பாடசாலைகளையும் சட்டங்களையும் அவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டுப் பெற்றனர். மூன்று குடும்பங்கள் மாதத்தில் ஒருநாள் ஒரு வீட்டில் கூடினாலும் அது ஒரு தொடக்கமே.

ஓட்டிசம் உள்ளவர்களே வளர்ந்து பேசும் காலம் இது. அவர்களுள் ஒருவரான ஜிம் சிங்கிளயர், 1993ஆம் ஆண்டில் ரொறன்ரோ மாநாடு ஒன்றில் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடவேண்டாம் என்ற பொருளில் உரையாற்றினார். பெற்றோர் எதிர்பார்த்த பிள்ளை வேறு. உயிரோடு முன்னே நிற்கும் பிள்ளை வேறு. முன்னே நிற்கும் பிள்ளைக்கு நீங்கள் வேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். கேட்கக் கடினமான சொல்தான். ஆயினும் நன்மை தரும் சொல்.

ஏமாறாதீர்கள்

துன்பப்படுகிறவரைத் தேடி வியாபாரி வருவான். முழுமையாகக் குணமாக்குவேன் என்று ஒருவர் பணம் கேட்டால், அந்த ஒரு சொல்லே அவரை விலக்கப் போதுமான காரணம். உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் மருந்து ஏற்றப்பட்டபோது, 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று இறந்தது.

தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற கதையும் அப்படியே. 1998ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையே அதன் ஊற்று. அக்கட்டுரையை வெளியிட்ட 'லான்செற்' சஞ்சிகையே 2010ஆம் ஆண்டில் அதனை மீளப்பெற்றது. அவரது வைத்தியப் பதிவும் அவ்வாண்டில் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவு, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பதே.

பங்கும் அயலும்

பூசை நேரத்தில் பிள்ளை சத்தமிட்டால் முன்வாங்கில் இருப்போர் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்கு அஞ்சியே சில குடும்பங்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டன. 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் ஓட்டிசம் உள்ளவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் வத்திக்கானில் சந்தித்தபோது, இக்குடும்பங்களின் தனிமையையும் அவர்கள் மேல் விழும் இழிவையும் போக்கவேண்டும் என்று வலியுறுத்தினார்.

ஒலிபெருக்கிக்குத் தூரமாக, வாசலுக்கு அருகில் ஓர் இடத்தை இக்குடும்பங்களுக்கென ஒதுக்கலாம். பிள்ளை எழுந்து நடந்தால் நடக்கட்டும். முதல் நன்மை ஆயத்தத்துக்குப் படங்களைப் பயன்படுத்தும்படி மறையாசிரியரைக் கேட்கலாம். கூட்டம் இல்லாத வேளையில் பிள்ளையைக் கோவிலுக்கு அழைத்து வந்து இடத்தைப் பழக்கலாம். வின்சன்ட் டி போல் சபையினர், மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கப் போகும்போது, ஆலோசனையைக் குறைத்து, "நான் ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு இருக்கிறேன், நீங்கள் போய்ச் சற்றுப் படுங்கள்" என்று சொல்லலாம். பிள்ளை அவர்களோடு பழகும் மட்டும் தாயும் கூட இருக்கவேண்டி வரலாம். அதற்காக இரண்டு முறையோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

இவ்வாரம் குடும்பமாகக் கூடும்போது கீழ்வரும் வினாக்களைப் பற்றிக் கலந்துரையாடுமாறு வேண்டுகிறோம்.

1. எமது உறவிலோ அயலிலோ ஓட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டுக்கு நாம் கடைசியாக எப்போது போனோம்? அங்கே எதைக் கேட்டோம்?

2. பிறக்கும் பிள்ளையின் குறைக்குத் தாயைக் காரணம் காட்டும் பேச்சு எமது வீட்டில் எழுவதுண்டா? எழும்போது அதை நிறுத்துபவர் யார்?

3. எமது வீட்டிலுள்ள இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பதிவேட்டை இம்மாதம் திறந்து பார்த்தோமா?

4. வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை அந்தத் தாய்க்குக் கொடுக்க எம்மில் யாரால் முடியும்? எந்த நாள்?